60 அடி சாலையில் நடைபாதைக்கு இடம் ஒதுக்குவது எப்படி?

சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்ற மோட்டார் அல்லாப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கச் சொல்கிறது. சாலை எஸ்டிமேட்டில் நடைபாதைக்குத் தனிச் செலவு இனம் இல்லையென்றால் அந்தச் சதவீதத்தால் பயனில்லை. அதனால் வரைபடமும் எஸ்டிமேட்டும் சேர்ந்தே தயாராக வேண்டும்.

தார் விளிம்பிலிருந்து அளக்காதீர்கள். நில அளவை எல்லையிலிருந்து எதிர் எல்லை வரை, 10 மீட்டருக்கு ஒருமுறை அளந்து, டிரான்ஸ்ஃபார்மர், மின்பெட்டி, மரம், மேன்ஹோல், ஒவ்வொரு வீட்டுக் கேட்டின் மட்டம் எல்லாவற்றையும் குறியுங்கள். ஆட்களை எண்ணும்போது சாலையில் இறங்கி நடப்பவர்களையும் எண்ணுங்கள். நடைபாதை எங்கே அறுந்திருக்கிறது என்பது அதிலேயே தெரியும்.

பங்கீட்டை ஓரத்திலிருந்து தொடங்குங்கள். 18 மீட்டர் (60 அடி) கடைத்தெருவில் ஒவ்வொரு பக்கமும் நடக்க 2.5, மரம், விளக்கு, மின்பெட்டிக்கு 1.25, பார்க்கிங்குக்கு 2 மீட்டர். நடுவில் 6.5 மீட்டர் மிஞ்சும். இருவழி வண்டிகளுக்கு அது போதும். இந்திய சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 103 விதி கேட்பது குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம், 2.2 மீட்டர் உயரம். நடைபாதையின் நடுவே மின்பெட்டி நின்றால், அதற்குப் பின்னால் மிஞ்சும் இடம்தான் உண்மையான அகலம்.

பெரும்பாலான நடைபாதைகள் கேட் வாசலில்தான் கெடுகின்றன. கார் ஏற வசதியாக ஒவ்வொரு வாசலிலும் நடைபாதையையே இறக்கிவிடுகிறார்கள். பத்து வீட்டுக்குப் பத்து ஏற்ற இறக்கம். முதியவர் பேசாமல் சாலையில் இறங்கி நடக்கிறார். நடைபாதை மட்டம் மாறக்கூடாது. சாய்தளத்தை அந்த 1.25 மீட்டர் பட்டைக்குள் முடியுங்கள், கார் ஏறிவிடும். சக்கர நாற்காலிக்குச் சரிவு 1:12 வேண்டும்: 150 மி.மீ. உயரக் கர்ப் கல்லுக்கு (நடைபாதை விளிம்புக் கல்) 1.8 மீட்டர் நீளம் பிடிக்கும், பட்டைக்குள் அடங்காது; 100 மி.மீ. என்றால் 1.2 மீட்டர், அடங்கும். ஆகவே 100 போதும். பைக் ஏறுமே என்பார்கள். சக்கர நாற்காலி நுழையும் இடைவெளியில் பைக்கும் நுழையத்தான் செய்யும். பொல்லார்டு என்ற தடுப்புக் குட்டைத்தூண் காரைத்தான் தடுக்கும். பைக்குக்கு அபராதமே வழி.

சந்திப்பில் சாலையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவது நல்லது. ஆனால் மேடான பக்கத்தில் வடிகால் வாய் வைக்க மறந்தால், ஐப்பசி மழையில் அங்கேதான் குளம் கட்டும். சிக்னல் இருந்தால் நடப்பவர் கடக்கும் நேரத்தை விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கணக்கிடுங்கள், வழக்கமான 1.2 மீட்டர் முதியவர்களுக்கு ஒத்துவராது.

இந்த அகலத்தில் சைக்கிளுக்குத் தனித்தடம் வரையாதீர்கள். வேகத்தை 30 கி.மீ.க்குள் கட்டுப்படுத்தினால் வண்டிகளோடு சேர்ந்தே ஓட்டலாம். 100 அடிச் சாலையில் 2 மீட்டர் தடம் தாராளமாக வரும். அதை நடைபாதைக்கும் பார்க்கிங்குக்கும் இடையில், உயர்த்திப் போடுங்கள். கார்க் கதவு திறக்க அரை மீட்டர் விடுங்கள். வெறும் பெயிண்ட் கோடு சீக்கிரமே பார்க்கிங் ஆகிவிடும். வடிகால் மூடியின் கம்பிகள் சைக்கிள் போகும் திசைக்குக் குறுக்காக இருக்கட்டும், இல்லாவிட்டால் சக்கரம் சிக்கும்.

தெருவோர வியாபாரிகளை 2014 சட்டப்படி நகர விற்பனைக் குழு வழியாக, மரமும் விளக்கும் நிற்கும் அந்த 1.25 மீட்டர் பட்டையிலேயே அமர்த்துங்கள். துரத்தினால் நடக்கும் இடத்துக்கே திரும்பி வருவார்கள்.

மறு தார் போடும் ஒப்பந்தத்தில், பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதியது என்ற நிபந்தனை கட்டாயம். இல்லையென்றால் 40 மி.மீ. தார் இரண்டு முறை விழுந்ததும் 100 மி.மீ. கர்ப் கல்லில் மிஞ்சுவது 20.