தொய்வு (ஆஸ்துமா) உள்ள விமானிகள் மருத்துவச் சான்றிதழைப் புதுப்பிக்கையில் விடும் பிழைகள்

தொய்வு இருக்கிறது என்பதற்காக மட்டும் எவருடைய மருத்துவச் சான்றிதழும் பறிபோவதில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் (ICAO) அனுமதிப்பத்திர விதிகள் அடங்கிய முதலாம் இணைப்பு இரண்டு விடயங்களைத்தான் பார்க்கச் சொல்கிறது. நோய் கணிசமான தொந்தரவு தருகிறதா? வழமையான பறப்பிலோ அவசரத்திலோ விமானியைச் செயலிழக்க வைக்குமா? மருந்தும் பறப்புக்கு ஒத்துவர வேண்டும். இந்த 'அவசரத்திலோ' என்ற சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. விமானி அறைக்குள் புகை வந்தால் அந்தப் புகையே மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். அதனால்தான் "இப்ப எனக்கு ஒன்றுமில்லை" என்ற பேச்சு போதாது, எழுத்தில் ஆதாரம் வேண்டும்.

மிகப் பெரிய பிழை மறைப்பது. சின்ன வயதில் இழுப்பு வந்தது, பிறகு விட்டுவிட்டது என்று படிவத்தில் 'இல்லை' போடுவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியின் கிளினிக் கொப்பி, நெபுலைஸ் பண்ணிய இரவின் துண்டு, காப்புறுதிக்குக் கொடுத்த பற்றுச்சீட்டு எல்லாம் எங்கேயோ இருக்கும். பொய்யான வாக்குமூலம் தெரியவந்தால் அதை அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் அதே இணைப்பில் உள்ள விதி. அதன் பிறகு பிரச்சினை நுரையீரலில் இல்லை, உங்கள் நம்பகத்தன்மையில். 'ஆம்' போட்டு, கடைசியாக எந்த வயதில் வந்தது, அப்போது என்ன மருந்து என்று இரண்டு வரி எழுதுங்கள்.

அடுத்தது, கருவியில் ஊதிப் பார்க்கும் சுவாசப் பரிசோதனைக்கு (ஸ்பைரோமெற்றி) முன் நடக்கும் குழப்பம். இங்கேதான் நல்ல நுரையீரல் உள்ளவர்களும் மோசமான ரிப்போட்டோடு திரும்புகிறார்கள். சிலர் வெயிட்டிங் ரூமில் இருந்தே, மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் சல்பியூட்டமோல் இன்ஹேலரை இரண்டு பஃப் இழுத்துவிட்டுப் போவார்கள். அதன் வேலை நாலு முதல் ஆறு மணித்தியாலம் நிற்கும். ஆகவே மருந்துக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்க்கும் பரிசோதனை அர்த்தமில்லாமல் போகும். நாடித் துடிப்பும் ஏறும், அன்றே ஈசீஜீ எடுப்பதானால் அதுவும் வம்பு. வேறு சிலர் மருந்தே இல்லாமல் இருப்பதாகக் காட்ட, தினமும் எடுக்கும் ஸ்டீரொய்ட் இன்ஹேலரை இரண்டு வாரம் நிறுத்துவார்கள். இது அதைவிட மோசம், கட்டுப்பாட்டில் இருந்த நோயைத் தாமே அவிழ்த்து விடுகிறார்கள்.

சனல் பண்ணி நேரம் எடுக்கும்போதே கேளுங்கள்: வழமையான மருந்தோடு செய்யும் பரிசோதனையா, மருந்தை இடைநிறுத்திச் செய்வதா? இடைநிறுத்தச் சொன்னால் பொதுவாகச் சல்பியூட்டமோலுக்கு குறைந்தது 4 மணித்தியாலம், சல்மெற்றரோல், ஃபோமொற்றரோல் போன்ற நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்துகளுக்கு 24 மணித்தியாலம். கடைசி டோஸ் எடுத்த நேரத்தைத் துண்டில் எழுதுவியுங்கள். வயிறு முட்டச் சோறு சாப்பிட்ட கையோடு போகாதீர்கள், இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். இடுப்புப் பட்டியைத் தளர்த்துங்கள். மூச்சை முழுவதும் இழுத்து, ஒரே வீச்சில் வெடித்தாற்போல் ஊதி, "இன்னும், இன்னும்" என்று சொல்லும்வரை தொடர வேண்டும். நல்ல முயற்சிகள் மூன்று தேவை. முதல் விநாடியில் வெளியேறிய காற்றின் சிறந்த இரண்டு அளவுகளுக்கு இடையில் 150 மில்லிலீற்றருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இலக்கங்கள் மட்டும் உள்ள தாளை வாங்காதீர்கள், வளைவு வரைபடமும் வேண்டும். முயற்சி போதாததா, குழாய் சுருங்கியதா என்று அதில்தான் தெரியும்.

தடிமன், காய்ச்சல் வந்து போனால் மூச்சுக்குழாய் சில வாரங்களுக்குச் சிணுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரம் ஊதினால் உங்கள் உண்மை நிலை வராது. கொழும்பில் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு தூசும் புகையும் கூடும். தொழில்முறை விமானிகளுக்கான முதலாம் வகுப்புச் சான்றிதழ் வழமையாக 12 மாதம்தான் செல்லும். அது ஜனவரியில் முடிகிறதென்றால், நவம்பரிலேயே நிபுணரைப் பார்த்துவிடுங்கள்.

"தொய்வு கட்டுப்பாட்டில் உள்ளது, பறக்கத் தகுதியானவர்" என்ற ஒரு வரிக் கடிதம் எதற்கும் உதவாது. தகுதியைத் தீர்மானிப்பது மருத்துவப் பரிசோதகரும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையும். சுவாச நோய் நிபுணரிடம் கேட்க வேண்டியது விபரம்: எப்போது கண்டறியப்பட்டது, கடைசி இழுப்பு எந்தத் திகதி, வார்டில் தங்கியதுண்டா, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் மாத்திரை எப்போது எத்தனை நாள், இப்போதைய மருந்தின் பெயரும் மைக்ரோகிராம் அளவும், நிவாரண இன்ஹேலர் வாரத்துக்கு எத்தனை தடவை. கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். 200 பஃப் உள்ள சல்பியூட்டமோல் குப்பி வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ முடிகிறதென்றால், கடும் இழுப்பு வரும் ஆபத்து கூடியிருக்கிறது.

மருந்தை எடுக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். பம்ப் என்றால் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து விநாடி அடக்க வேண்டும். கெப்சியூல் போட்டு உறிஞ்சும் கருவிக்கு இது நேர்மாறு: வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். கொழும்பின் ஈரக் காற்றில் கெப்சியூலை முன்கூட்டியே உறையிலிருந்து எடுத்து வைத்தால் தூள் கட்டிபட்டுவிடும். இரத்மலானை விமான நிலையத்தில் வெயிலில் நிற்கும் காருக்குள் பம்பை விட்டுப் போவதும் அதே ரகம்.

பாமசியில் கேட்டு வாங்கும் கலவை மருந்துகளில் கவனம். குளோர்பெனிரமின் தூக்கம் தரும். சல்பியூட்டமோல் மாத்திரை கையை நடுங்க வைக்கும். தியோபிலின் இதயத் துடிப்பைக் குழப்பக் கூடியது. மொன்டெலுகாஸ்டுக்கு மனநிலை மாற்றம் பற்றிய கடும் எச்சரிக்கையை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல் விதித்தது. எந்தப் புது மருந்தையும் பரிசோதனைக்கு முந்திய வாரத்தில் தொடங்க வேண்டாம்.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகு இழுப்பு வந்தால்? அதில் எழுதியிருக்கும் திகதி அப்போது உங்களைக் காக்காது. உடல்தகுதி குறைந்தது தெரிந்தும் பறப்பது விதிமீறல். பிரெட்னிசலோன் தொடங்கிய அன்றே பறப்பை நிறுத்தி, பரிசோதகருக்கு அறிவியுங்கள். குணமான பின் புதிய சுவாசப் பரிசோதனையோடு போங்கள். அதுவரை காலையும் மாலையும், ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீற்றரில் மூன்று தரம் ஊதி, கூடிய அளவைத் திகதியோடு ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள்.