ஓலைச்சுவடியில் ஒரு பாட்டைப் படிப்பது எப்படி: காலா (ா), ரகரமா (ர) என்று தடுமாறுகிறவர்களுக்கு

ஒரு சுவடிப் பாடலை முழுதாகப் படித்து எழுதி முடிக்க எனக்கு முதல் தடவை இரண்டு வாரம் ஆனது, அதில் பாதிக்கு மேல் ஒரே ஒரு எழுத்தில் போனது. அந்த இடத்தைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன், மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

நேராக நூலகத்துக்குப் போகாதீர்கள், முதலில் படங்களில் பழகுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் சுவடிப் படங்கள் இருக்கின்றன. கண் பழகிய பிறகு சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தஞ்சையில் சரசுவதி மகால் என்று போகலாம். எந்தச் சுவடி வேண்டும் என்று அட்டவணை பார்த்துக் குறித்துக்கொண்டு, அனுமதி பற்றி முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். பேனா வேண்டாம், பென்சில் போதும். ஏட்டை இரண்டு ஓரத்திலும் தாங்கிப் பிடியுங்கள், கயிற்றை இழுக்காதீர்கள், ஏட்டு வரிசையை மாற்றிவிடாதீர்கள். மை போய் வெறும் கீறல் மட்டும் மிஞ்சிய ஏடு கிடைத்தால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்துப் பாருங்கள், கீறலுக்குள் நிழல் விழுந்து எழுத்து தெரியும்.

அடுத்தது, உள்ளதை உள்ளபடி எழுதிக்கொள்வது. சுவடியில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி கிடையாது, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே மாதிரிதான் இருக்கும், சொல்லுக்குச் சொல் இடம் விட்டிருக்க மாட்டார்கள், பாட்டாக இருந்தாலும் அடி அடியாகப் பிரிக்காமல் உரைநடை போலத் தொடர்ந்து ஓடும். நீங்களும் அப்படியே எழுதுங்கள். இதைக் கணினியில் செய்யாதீர்கள் என்பது என் கட்சி, ஏனென்றால் தட்டச்சு செய்யும்போது விரல் தானாகவே புள்ளி வைத்துவிடுகிறது, அப்புறம் எது சுவடியில் இருந்தது, எது நாம் வைத்தது என்று தெரியாது. கோடு போட்ட நோட்டில் ஒரு வரி எழுதி இரண்டு வரி காலியாக விடுங்கள். ஏடு உடைந்த இடத்தில் புள்ளிக் கோடு, உங்கள் ஊகத்துக்குச் சதுர அடைப்பு.

சரி, இப்போது அந்த எழுத்து. சுவடியில் ரகரமும் நெடிலுக்குப் போடும் காலும் ஒரே வடிவம்தான். அதனால் ‘பாவை’ என்று எழுதினாலும் ‘பரவை’ என்று எழுதினாலும் கண்ணுக்கு ஒன்றுதான். பாட்டின் தொடக்கத்தில் இருந்த இந்தச் சொல்லை நான் ‘பாவை’ என்று படித்துவிட்டேன். பெண்ணைப் பற்றிய பாட்டு என்று முடிவு கட்டி, பொருந்தாத சொல்லையெல்லாம் ஏடு எழுதியவர் செய்த பிழை என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போனேன். பிழை அவருடையது இல்லை.

வழி காட்டியது எதுகை. மற்ற அடிகளைத் தேடியபோது ஓர் அடி ‘இரவு’ என்று தொடங்கியது. ‘இ’ என்ற உயிரெழுத்துக்குப் பின்னால் கால் வரவே வராது, ஆகவே அங்கே இருப்பது ரகரமாகத்தான் இருக்க வேண்டும். எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும், முதல் எழுத்து அளவில் ஒக்க வேண்டும் (குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில்), அதனால் முதலடியும் ‘பரவை’தான். பரவை என்றால் கடல். பாட்டு கடலைப் பற்றியது! அதன் பிறகு நான் பிழை என்று குறித்த அத்தனை சொல்லும் தானாகப் பொருந்தியது.

இதே முறை எகர ஒகரத்துக்கும் உதவும். ‘கொடு’வா ‘கோடு’வா என்று சந்தேகமா? எதுகையாக வரும் அடி ‘ஆடும்’ என்று தொடங்கினால் ‘கோடு’, ‘படும்’ என்று தொடங்கினால் ‘கொடு’. ஆகவே பொருளைத் தேடாதீர்கள், முதலில் அடி எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள். சந்தேகமே வர முடியாத எழுத்து உள்ள அடியைப் பிடித்துக்கொண்டு மற்ற அடிகளைத் தீருங்கள். உரைநடைச் சுவடியில் இந்த வசதி இல்லை, புதிதாகத் தொடங்குகிறவர்களைப் பாட்டுச் சுவடியையே எடுக்கச் சொல்வது அதனால்தான்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு முயன்ற ஒருவர், பாட்டின் முடிவில் ஒட்டாமல் ஒரு ‘எ’ நிற்கிறதே, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அது எழுத்து இல்லை, பாட்டின் எண். தமிழ் எண்களில் ௭ பார்க்க எகரம் போலவும், ௮ அகரம் போலவும், ௧ ககரம் போலவும் இருக்கும். இருபத்தைந்தை ௨௰௫ என்று, நடுவில் பத்துக்கான குறி போட்டு எழுதியிருப்பார்கள். இன்னொருவருக்குக் கடைசி ஏட்டில் சிக்கல். அங்கே இருப்பது சுவடியை எழுதி முடித்த நாள்: ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. வருஷத்தின் பெயர் மட்டும் இருந்தால் அவசரப்பட்டு ஆண்டைக் கணக்கிட்டுவிடாதீர்கள், அந்தப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். பக்கத்தில் கொல்லம் ஆண்டு (கேரளத்திலும் தென்தமிழகத்திலும் வழங்கிய ஆண்டுக் கணக்கு) எண்ணும் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள், இருந்தால் அதோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும்.