மழைக்கு முன்னாடி உங்க தெருத் தண்ணி எங்க போகுதுன்னு கண்டுபிடிக்கறது எப்படி

சென்னைல வெள்ளம்னாலே செம்பரம்பாக்கம் ஏரிதான் ஞாபகம் வரும், 2015 டிசம்பர்ல அங்கருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் திறந்துவிட்டு அடையாறு கரையெல்லாம் முழுகுனத யாரும் மறக்கல. ஆனா வருஷா வருஷம் தெருவுல முழங்கால் அளவுக்கு நிக்குதே, அந்தத் தண்ணிக்கும் ஏரி திறக்கறதுக்கும் பல இடத்துல சம்பந்தமே இல்ல, அது போற வழி அடைஞ்சிருக்கு அவ்ளோதான். அந்த வழியத் தேடறத ஆவணிக்குள்ள ஆரம்பிச்சிடுங்க, ஐப்பசில ஆள் கிடைக்காது.

மொதல்ல பழைய பேரைப் பாருங்க. தாங்கல், ஏரி, மடுவுன்னு தண்ணி நின்ன எடத்தச் சொல்ற பேரு பக்கத்துல எங்கயாவது வருதா? மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு இருக்கு, அந்த ஏரியத் தூர்த்துதான் 1920கள்ல தி.நகர் வந்துச்சு. அப்புறம் ஆன்லைன்ல உங்க சர்வே நம்பருக்கு எஃப்எம்பி வரைபடம் (நிலத்தோட அளவு போட்ட படம்) எடுங்க, சுத்தியிருக்கற நம்பருங்களுக்கு ஏ-ரெஜிஸ்டர்ல, அதாவது எந்த நிலம் என்ன வகைன்னு எழுதியிருக்கற வருவாய்த்துறைப் பதிவேட்டுல, ஓடை, வாய்க்கால்னு ஏதாவது போட்டிருக்கான்னு ஒவ்வொண்ணா பாருங்க. போர் அடிக்கற வேலைதான், ஆனா இந்தப் பேப்பர் இல்லாம ஆபீஸ்ல நம்ம பேச்சு எடுபடாது.

அடுத்தது லெவல். கொத்தனார்கிட்ட டியூப் லெவல் இருக்கும், தண்ணி ஊத்துன டிரான்ஸ்பரண்ட் டியூப், அதோட ஒரு முனைய உங்க கேட்லயும் இன்னொண்ண மழைநீர் வடிகால் வாய்லயும் பிடிங்க, ரெண்டு பக்கமும் தண்ணி நிக்கற எடத்துல இருந்து தரை வரைக்கும் டேப்பால அளங்க. எங்க தெருவுல பிடிச்சுப் பாத்தப்போ வடிகால் வாய் ரோட்டவிட நாலு விரக்கடை மேல இருந்துச்சு, தண்ணி எப்படி ஏறிப் போகும்?

இன்னொரு பிரச்சனை ரோட்டு மேல ரோடு போடறது. மூணு படி ஏறிப் போன வீடெல்லாம் இன்னிக்கு ஒரு படி இறங்கிப் போற மாதிரி ஆயிடுச்சு. அதனால ரோடு போட வந்தாங்கன்னா, மில்லிங் பண்ணி பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் போடணும்னு அன்னிக்கே நின்னு கேளுங்க, போட்டப்புறம் கேட்டு பிரயோஜனம் இல்ல. வடிகால் மூடியத் திறந்து வண்டல் எடுத்தாங்களான்னும், யாராவது கக்கூஸ் லைன அதுல விட்டிருக்காங்களான்னும் பாத்து போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு மாநகராட்சியோட 1913 நம்பருக்கு போன்ல கம்ப்ளெய்ன்ட் பண்ணுங்க, அவங்க குடுக்கற கம்ப்ளெய்ன்ட் நம்பர எழுதி வச்சுக்கோங்க.

உங்க காம்பவுண்டுக்குள்ளயும் வேலை இருக்கு. ஒரு கிரவுண்டுல (2,400 சதுர அடி) 10 செ.மீ. மழை பேஞ்சா சுமார் 22,000 லிட்டர், சிமெண்ட் போட்டு மூடியிருந்தா கிட்டத்தட்ட அவ்வளவும் தெருவுக்குத்தான் வரும். 2003ல கட்டாயமாக்குன மழைநீர் தொட்டி நிறைய வீட்ல மண்ணு அடைஞ்சு கிடக்கு, கூழாங்கல்ல வெளிய எடுத்துக் கழுவிப் போடுங்க. திருவான்மியூர் மாதிரி மணல்னா உடனே உறிஞ்சிடும், களிமண்ணுன்னா கீழ மணல் வர்ற ஆழம் வரைக்கும் துளை போட்டு பைப் இறக்கணும். தயவுசெஞ்சு உங்க மனைய மட்டும் மண்ணு கொட்டி ஒசத்தாதீங்க, அந்தத் தண்ணி பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கற ரூமுக்குப் போகும்.

வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு. உங்க தண்ணி பள்ளிக்கரணை சதுப்புநிலத்துல விழுந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்குப் போய் முட்டுக்காட்டுல கடல்ல சேருது. அந்தச் சதுப்புநிலத்த 2022ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்புநிலங்களோட பட்டியல்ல சேத்தாங்க, ஆனா ஓரமா லாரில மண்ணு கொட்டறத நாமதான் கண்ணு வச்சுப் பாக்கணும். பாத்தா லாரி நம்பரோட சர்வே நம்பரையும் சேத்து கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுங்க, ரசீது வாங்காம வராதீங்க.