பறையும் சாட்சியும்: சமுதாய வானொலிக்கு உங்கள் முதல் அரை மணி நேர நிகழ்ச்சி

சமுதாய வானொலிக்கு நிகழ்ச்சி செய்து தர ஆசைப்படுபவர்கள் பலரும் முதலில் சொல்வது, "ஸ்டுடியோ இல்லையே, நல்ல மைக் இல்லையே" என்பதுதான். இரண்டும் இல்லாமலே தொடங்கலாம். தெலங்கானாவின் மச்னூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ 2008 அக்டோபரில்தான் காற்றில் ஏறியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அந்தப் பெண்கள் தங்கள் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்து, ஊர்ச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டு வந்தார்கள். உரிமம் வந்தபோது கையில் நிகழ்ச்சிகள் இருந்தன, செய்யத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள்.

இந்தப் பதிவுக்கு ஓர் எடுத்துக்காட்டு நிகழ்ச்சியை வைத்துக்கொள்கிறேன். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர்கள் பேசுகிறார்கள், இடையில் ஒரு பறைக் குழு பாடுகிறது, கடைசியில் சட்டம் பற்றி மூன்று நிமிடம். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளை நிறுவுவது, வெட்டி ஒட்டுவது எல்லாம் யூடியூபில் தமிழிலேயே கிடைக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

1. நிலையத்தில் முதலில் பேசிவிடுங்கள்

எத்தனை நிமிடம், எந்த வடிவக் கோப்பு, எந்த நாள் என்பதைக் கேட்பதோடு இன்னொன்றையும் பேச வேண்டும். இந்தியாவில் சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப முடியாது. ஆகாசவாணியின் செய்தியை மறுஒலிபரப்புச் செய்யலாம், அவ்வளவுதான். வானிலை, போக்குவரத்து, வேலைவாய்ப்பு, தேர்வு முடிவு, குடிநீர், மின்சாரம் பற்றிய அறிவிப்புகள் செய்திக் கணக்கில் வராது.

எனக்கு இந்தத் தடையில் உடன்பாடு இல்லை. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995-ல். தொலைக்காட்சியில் நாள் முழுக்கச் செய்தி ஓடுகிறது. நூறு வாட் சக்தியில் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் கேட்கும் ஊர் வானொலி மட்டும் ஊர்ச் செய்தியைச் சொல்லக்கூடாது என்பதில் நியாயம் இல்லை. ஆனால் உரிமம் நிலையத்தின் பெயரில் இருக்கிறது, அதைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை.

ஆகவே நிகழ்ச்சியை வேறு விதமாகக் கட்டுங்கள். "நேற்று மறியல் நடந்தது, இத்தனை பேர் கைது" என்பது செய்தி. "இருபது வருசமா இந்த வேலை பாக்குறேன், ஒரு கையுறைகூட கொடுத்ததில்ல" என்று ஒருவர் சொல்வது வாழ்க்கைச் சாட்சி. அதற்குப் பக்கத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று வைத்தால் அது விழிப்புணர்வு நிகழ்ச்சி. கேட்பவருக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிடும். என் அனுபவத்தில் மனதில் தங்குவதும் இதுதான். கட்சிப் பெயர், தேர்தல், வேட்பாளர் பக்கம் போகவே வேண்டாம்.

2. சம்மதம்: ஒரு கேள்வி போதாது

"ரெக்கார்ட் பண்ணலாமாக்கா?" என்று கேட்டுத் தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது. மூன்று கேள்விகளைத் தனித்தனியாக, பதிவை ஓடவிட்டே கேளுங்கள். ரேடியோவில் போடலாமா? பெயரும் ஊரும் சொல்லலாமா? பிறகு யூடியூபிலோ வாட்ஸாப்பிலோ போனால் பரவாயில்லையா? முதல் இரண்டுக்குச் சரி என்றவர்கள் மூன்றாவதில் யோசிப்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு மேஸ்திரியின் போனில் தன் குரல் கேட்பது வேலை போகும் விஷயம்.

பெயர் வேண்டாம் என்றால், குரலைக் கணினியில் தடிமனாக்கும் வேலையைச் செய்யாதீர்கள். அதைப் பலரால் திரும்ப மாற்றிவிட முடியும். அதோடு, பேசுபவர் குற்றவாளிபோல ஒலிப்பார். அவர் சொன்னதை எழுதி, அதே வட்டார வழக்கில் பேசும் இன்னொருவரை வாசிக்கச் செய்யுங்கள். "இது வேறொருவர் வாசிப்பு" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

3. பேச்சுப் பதிவு

இது எளிது. போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். மின்விசிறியை அணைக்கச் சொல்லுங்கள், குளிர்சாதனப் பெட்டி ஓடும் அறையைத் தவிருங்கள். பேசி முடித்ததும் அதே இடத்தில் அரை நிமிடம் எல்லோரும் அமைதியாக இருந்து அந்த இடத்தின் வெற்று ஒலியைப் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களை மறைக்கப் பிறகு இது வேண்டும்.

4. பறையைப் பதிவு செய்வது

புதிதாக வருபவர்களின் நிகழ்ச்சி பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

போனில் ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு உள்ளே இருக்கிறது. பேச்சுக்கு அது உதவும், பறைக்கு எதிரி. முதல் அடி விழுந்ததும் அளவைச் சட்டென்று இறக்கிவிடும், பாடகரின் குரலும் சேர்ந்து அமுங்கிவிடும். அடி நின்றதும் அளவு மெல்ல ஏறி, சுற்றுப்புற இரைச்சல் பொங்கி வரும். மறுபடி அடி, மறுபடி அமுக்கம். இப்படிப் பதிவானதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. எவ்வளவு ஏறி எவ்வளவு இறங்கியது என்ற கணக்கு கோப்பில் எங்கும் இல்லை.

உங்கள் போன் இப்படிச் செய்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. பதிவை ஓடவிட்டு மெதுவாக ஒரு வரி பேசுங்கள். பக்கத்திலேயே மூன்று முறை பலமாகக் கைதட்டுங்கள். பிறகு பத்து விநாடி மௌனம். ஹெட்போனில் கேளுங்கள். கைதட்டலுக்குப் பிந்தைய மௌனத்தில் இரைச்சல் மெல்ல வளர்ந்தால் அந்தச் செயலியில் பறை வேண்டாம். ஆண்ட்ராய்டில் சில பதிவுச் செயலிகளின் அமைப்புகளில் ஒலி மூலத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும். அதில் 'அன்பிராசஸ்டு' (பதப்படுத்தாத ஒலி) என்பதைத் தேர்ந்தெடுத்து மறுபடி சோதியுங்கள். எல்லாப் போனும் இதற்கு ஒத்துழைக்காது.

நான் பரிந்துரைப்பது கையடக்க ரெக்கார்டர். ஜூம் நிறுவனத்தின் எச்1என் ரெக்கார்டர் இருந்தால் 'ஆட்டோ லெவல்' பொத்தான் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் போனில் வந்த அதே சிக்கல்தான். அதற்குப் பின் வந்த எச்1எசென்ஷியல் 32-பிட் ஃபுளோட் முறையில் பதிவதால் அளவு வைக்கவே வேண்டாம். புதிதாக வாங்குபவர் அதை வாங்கலாம். விலை உயர்ந்த யூஎஸ்பி மைக்குகளில் காசைப் போடாதீர்கள். அவை மேசையை விட்டு நகராது, நம் வேலை தெருவில்.

அளவு வைக்கும் முறை: குழுவிடம், "அண்ணே, உள்ளதிலேயே பலமான அடவை ஒருமுறை அடிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். (அடவு என்பது பறையின் அடிவரிசை.) அப்போது கருவியின் அளவுகாட்டி முள் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாதபடி வையுங்கள். இவ்வளவு இடம் விடுவது வீண் என்று தோன்றும். ஆனால் சோதனையில் அடிப்பதைவிடப் பாட்டு சூடுபிடித்ததும் பலமாகவே அடிப்பார்கள், ஆட்டமும் சேர்ந்துவிடும். நீளமான மெல்லிய குச்சியின் சுள்ளென்ற அடி கண்ணிமைக்கும் நேரத்தில் உச்சம் தொட்டு இறங்கும், முள் அதை முழுதாகக் காட்டாது. குறைவான அளவில் பதிந்ததைப் பிறகு உயர்த்தலாம். உச்சி வெட்டுப்பட்டதைத் திரும்பப் பெற முடியாது.

நிற்கும் இடம் இதைவிட முக்கியம். காங்கிரீட் கூடத்துக்குள் வேண்டவே வேண்டாம், எதிரொலியில் அடவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். திறந்த வெளிதான் பறையின் இடம். பாடகர் மைக்கிலிருந்து ஒரு முழத்தில், பறைகள் அவருக்குப் பின்னால் நான்கைந்து மீட்டர் தள்ளி. காற்று அடித்தால் மைக்குக்கு நுரை உறை கட்டாயம். இரண்டு கருவிகள் இருந்தால் ஒன்று பாடகரிடமும் மற்றொன்று பறைகளிடமும் இருக்கட்டும். தொடக்கத்தில் எல்லோரும் பார்க்க ஒருமுறை கைதட்டுங்கள். ஆடாசிட்டியில் அந்த இரண்டு கூர்முனைகளையும் நேருக்கு நேர் வைத்தால் இரண்டு பதிவும் பொருந்திவிடும்.

பதிவுப் புத்தகங்களில் நான் பார்க்காத ஒன்று. பறையைத் தீயில் காய்ச்சிய உடன் தோல் இறுகிக் குரல் கணீரென்று ஏறும். நேரம் போகப் போக, அதிலும் கடலோர ஈரக்காற்றிலும் மாலைப் பனியிலும், தோல் தளர்ந்து சுருதி இறங்கும். காய்ச்சியதும் எடுத்த பதிவையும் அரை மணி நேரம் கழித்து எடுத்ததையும் ஒட்டினால், ஒட்டிய இடம் காதில் துருத்தும். ஆகவே குழு காய்ச்சும்போதே உங்கள் கருவி தயாராக இருக்க வேண்டும். மறுபதிவு வேண்டுமென்றால் மறுபடி காய்ச்சச் சொல்லிக் கேளுங்கள். வைக்கோல் எரியும் அந்தச் சடசடப்பையும் பதிவு செய்யுங்கள், நிகழ்ச்சியின் தொடக்கத்துக்கு நன்றாக இருக்கும்.

5. வெட்டுவதும் அளவு சேர்ப்பதும்

இரைச்சல் நீக்கும் வசதியைக் குறைவாகப் பயன்படுத்துங்கள். அதிகமானால் ஸ, ஷ போன்ற ஒலிகள் தேய்ந்து குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். பேசுபவர் மூச்சு வாங்குவதை வெட்டாதீர்கள். கணவனை இழந்த பெண் பேசும்போது அடியில் வயலின் ஓட விடாதீர்கள். அவர் சொல்வதற்கு அந்த உதவி தேவையில்லை.

ஆடாசிட்டியில் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' மூலம் பேச்சை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவாருங்கள். மோனோ (ஒற்றைத் தட) கோப்பை இரட்டை மோனோவாகக் கருதும் பெட்டியில் டிக் இருக்கட்டும். பாட்டைத் தனியாக மைனஸ் 18-க்கு வையுங்கள். பறையின் உச்சங்கள் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டினால் பாட்டை இன்னும் குறையுங்கள், கம்ப்ரஸர் (உச்சங்களை அமுக்கும் கருவி) போட்டு அமுக்கிச் சமன் செய்யாதீர்கள். எஃப்எம் நிலையத்தில் ஒலிபரப்பும்முன் இன்னொரு கம்ப்ரஸர் பெரும்பாலும் இருக்கும். இரண்டு முறை அமுக்கினால் பறை தகரம்போல் ஒலிக்கும்.

சட்டப் பகுதியில் எண்கள் வந்தால் இரண்டு முறை, நிறுத்தி வாசியுங்கள். எங்கள் எடுத்துக்காட்டில் வருபவை இவை: கையால் மலம் அள்ளும் பணிக்குத் தடை விதிக்கும் சட்டம் 2013-ல் வந்தது. பாதுகாப்புக் கருவியின்றி ஆளைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குவது அதன்படி குற்றம். இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பல குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது எண் தெரியாது. அது ஒன்று போய்ச் சேர்ந்தாலே நிகழ்ச்சி செய்ததற்குப் பலன்.

6. பாட்டு யாருடையது?

சினிமாப் பாட்டு வேண்டுமென்றால் நிலையத்துக்கு அதற்கான உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும் அது ஒலிபரப்புக்கு மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு ஒலிபரப்பு நிலையங்களுக்குத் தரும் சலுகை (தனித்தனியாக அனுமதி கேட்காமல், நிர்ணயித்த தொகை கட்டிப் பாட்டு ஒலிபரப்புவது) இணையத்துக்குப் பொருந்தாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. யூடியூபில் ஏற்றப்போகிறீர்கள் என்றால் சினிமாப் பாட்டை விட்டுவிடுவதே நல்லது.

பாரதியாரின் வரிகளை யார் வேண்டுமானாலும் பாடலாம். பாரதிதாசனின் படைப்புகளும் நாட்டுடைமை ஆனவை. ஆனால் வரி பொதுவானது என்பதால் அதை வைத்து யாரோ மெட்டமைத்து வெளியிட்ட ஒலிப்பதிவும் பொதுவாகிவிடாது. உங்கள் ஊர்க் குழுவையே பாட வையுங்கள். நாட்டுப்புறப் பாட்டானாலும் பாடியவருக்குத் தன் நிகழ்த்துதல்மேல் சட்டப்படி உரிமை உண்டு. ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள். குழுவுக்குப் பணம் கொடுங்கள். சமூக நீதி பற்றிய நிகழ்ச்சிக்குப் பறைக் கலைஞரைச் சும்மா வந்து அடிக்கச் சொல்வது சரியல்ல.

7. ஒலிபரப்பும்முன் தெருவில் போட்டுக் காட்டுங்கள்

பேசியவர்கள் வாழும் தெருவில், ஒரு சிறிய ஸ்பீக்கரில், அவர்களோடு உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள். எங்கே பேச்சு நின்று எல்லோரும் காது கொடுக்கிறார்கள், எங்கே எழுந்து போகிறார்கள் என்று பாருங்கள். எழுந்து போகும் இடம் பெரும்பாலும் தொகுப்பாளர் விளக்கம் சொல்லும் இடமாக இருக்கும். அதைப் பாதியாகக் குறையுங்கள். "அந்த வரிய எடுத்துரு தம்பி" என்று பேசியவர் சொன்னால் காரணம் கேட்காமல் எடுங்கள்.

8. அனுப்புதல்

44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் கோப்பு. அரை மணி நேரம் ஏறத்தாழ 160 எம்பி வரும். வாட்ஸாப்பில் அனுப்பினால் 'ஆவணம்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். ஒலிபரப்பிய நிகழ்ச்சியை நிலையம் மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது விதி. உங்கள் பக்கமும் வெட்டாத மூலப் பதிவையும் சம்மதப் பதிவையும் அதற்கு மேலும் வைத்திருங்கள்.

பின்சேர்க்கை

ஐபோனில் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். வாய்ஸ் மெமோஸ் அமைப்புகளில் ஒலித்தரத்தை 'லாஸ்லெஸ்' என்று மாற்றுங்கள். பேச்சுக்குப் போதும். பறைக்குக் கைதட்டல் சோதனையை இதிலும் செய்து பாருங்கள்.

ஒலிபரப்பான பிறகு ஒருவர் தன் பேச்சை எடுக்கச் சொன்னால்? காற்றில் போனதைத் திரும்ப வாங்க முடியாது. மறுஒலிபரப்பையும் இணையப் பதிவையும் அன்றே நிறுத்தலாம். நிலையத்திடம் இதை முதல் நாளே பேசி, யாரை அழைத்தால் எடுப்பார்கள் என்று கேட்டு, அந்த எண்ணைப் பேசியவர் கையிலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சம்மதம் பற்றிய இரண்டாம் பகுதியில் இதையும் சேர்த்துக்கொள்ளவும்.