கரைக்கோட்டை வரையும் முன் ஓதத்தைப் பாருங்கள்: புவியிடத் தொழில்நுட்பத்தால் கடலோரத்தைக் கண்காணிக்கும் முறை

கடலோரக் கண்காணிப்பு ஒரு தெளிவான கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கரை முப்பது ஆண்டுகளில் எவ்வளவு பின்வாங்கியது என்பது ஒரு கேள்வி. ஒரே புயலில் எவ்வளவு மணல் போயிற்று என்பது வேறொரு கேள்வி. முன்னதற்கு அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களே முதன்மையான ஆதாரம். 1984-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5 முதல் இன்று வரை 30 மீட்டர் துல்லியத்தில் (அதாவது ஒரு படப்புள்ளி தரையில் 30 மீட்டர் அகலம்) தொடர்ச்சியான படங்கள் இருக்கின்றன; 2008 முதல் அவை இலவசமாகவே கிடைக்கின்றன. அண்மைக்கால மாற்றங்களுக்கு, 10 மீட்டர் துல்லியத்தில் ஏறக்குறைய ஐந்து நாள்களுக்கு ஒருமுறை படம் தரும் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் பொருத்தமானவை. மேகம் விலகாத பருவத்தில், மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் படங்கள் கைகொடுக்கும். லேண்ட்சாட் 7 படங்களைப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 2003 மே மாத இறுதியில் அதன் வருடியில் ஏற்பட்ட கோளாறால், அதற்குப் பிந்தைய படங்களில் தரவற்ற பட்டைகள் குறுக்கே ஓடுகின்றன.

படங்கள் கைக்கு வந்ததும், எல்லாவற்றையும் ஒரே யூடிஎம் வீழலுக்கு (உருண்டைப் புவியை மீட்டர் அளவில் தட்டையான வரைபடமாக்கும் முறை) மாற்றிவிட்டு, நீரையும் நிலத்தையும் பிரிக்க வேண்டும். பச்சை அலைவரிசையிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, வரும் விடையை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர்க் குறியீடு கிடைக்கும். நீர் அகச்சிவப்பை உறிஞ்சிக்கொள்வதால் நீருள்ள இடங்களில் மதிப்பு உயர்ந்தும், மணலிலும் செடிகொடிகளிலும் தாழ்ந்தும் இருக்கும். கணினி பிரித்துத் தரும் எல்லையை அப்படியே ஏற்காமல், படத்தை நன்கு பெரிதாக்கிப் பாருங்கள். அலை உடையும் இடத்தில் வெண்ணுரை ஒரு பட்டையாகத் தெரியும். நுரை எல்லா அலைவரிசைகளிலும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் குறியீடு அதை மணல் என்று தவறாக எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் கோடு கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்பதைக் காணலாம். அதைக் கையால்தான் திருத்த வேண்டும். க்யூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் இது பொறுமை கேட்கும் வேலைதான், ஆனால் கடினமானதன்று.

இதுவரை கிடைத்திருப்பது கரைக்கோடு அன்று என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். படமெடுத்த நொடியில் நீர் எங்கே நின்றதோ அந்தக் கோடு மட்டுமே நம்மிடம் இருக்கிறது. கடற்கரையின் சரிவு இருபதுக்கு ஒன்று என்று கொள்வோம். அதாவது இருபது மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் உயர்வு. இரண்டு படங்களுக்கு இடையே ஓத மட்டம், அதாவது நாள்தோறும் ஏறி இறங்கும் கடல்நீரின் மட்டம், ஒரு மீட்டர் வேறுபட்டிருந்தால், ஒரு பிடி மணல்கூட நகராத கரையிலும் கோடு இருபது மீட்டர் நகர்ந்ததாகத் தெரியும். சென்டினல்-2 படத்தில் அது இரண்டு படப்புள்ளிகளின் அகலம். இந்த ஒரு பிழையால், உயர் ஓதத்தில் எடுத்த படத்தைத் தாழ் ஓதப் படத்தோடு ஒப்பிட்டுவிட்டு, இல்லாத கடல் அரிப்பை அறிக்கையில் எழுதிவிட முடியும். ஆகவே ஒவ்வொரு படத்தின் நாளையும் நேரத்தையும் குறித்து, அருகிலுள்ள ஓதமானியின் பதிவிலிருந்தோ ஓத மாதிரியிலிருந்தோ அந்நேரத்து நீர்மட்டத்தை எடுத்து, பொதுவான ஒரு மட்டத்திலிருந்து அது வேறுபடும் அளவைச் சரிவால் வகுத்து, கோட்டை அந்தத் தூரத்துக்கு நகர்த்த வேண்டும். சரிவு தெரியாவிட்டால், ஒத்த ஓத மட்டத்தில் எடுத்த படங்களை மட்டும் தேர்ந்தெடுப்பதே நேர்மையான வழி. ஒப்பிடும் படங்கள் ஒரே பருவத்தைச் சேர்ந்தவையாகவும் இருக்க வேண்டும். பல கரைகளில் ஒரு பருவத்தில் போகும் மணல் அடுத்த பருவத்தில் திரும்பி வருகிறது.

திருத்திய கோடுகளின் குறுக்கே சீரான இடைவெளியில் வெட்டுக்கோடுகளை வரைந்து மாற்ற வீதத்தைக் கணக்கிடலாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் வெளியிட்டுள்ள டிஎஸ்ஏஎஸ் கருவி இதற்காகவே உருவானது. முதல் கோட்டையும் கடைசிக் கோட்டையும் மட்டும் கொண்டு வீதம் காண்பதைவிட, எல்லாக் கோடுகளின் இடங்களையும் சேர்த்து, அவற்றுக்கு மிக நெருக்கமாகச் செல்லும் நேர்கோட்டை (புள்ளியியலில் பின்னடைவுக் கோடு) பொருத்துவதே என் தேர்வு. பிழையையும் சேர்த்தே எழுதுங்கள். கோடு வரைதலில் 5, படப் பொருத்தத்தில் 8, ஓதத் திருத்தத்தில் 10 மீட்டர் பிழை என்றால், வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்கு வர்க்கமூலம் எடுக்க ஒரு கோட்டின் பிழை ஏறத்தாழ 14 மீட்டர். இருபது ஆண்டு இடைவெளியுள்ள இரு கோடுகளின் பிழைகளை இதே முறையில் சேர்த்தால் ஏறத்தாழ 19 மீட்டர், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் பிழையாகும். ஆண்டுக்கு அரை மீட்டர் அரிப்பு என்ற முடிவை அந்தத் தரவைக் கொண்டு யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

களத்துக்குப் போவதைத் தவிர்க்கவே கூடாது. சென்டிமீட்டர் அளவில் இடத்தைக் காட்டும் ஆர்டிகே ஜிபிஎஸ் கருவியுடன் நீர்விளிம்பிலிருந்து மணல்மேடு வரை நடந்து சில குறுக்குவெட்டுகளை அளந்தால், ஓதத் திருத்தத்துக்குத் தேவையான சரிவும் அதிலேயே கிடைத்துவிடும். ட்ரோன் பறக்கவிட்டால் மணலின் கன அளவு மாற்றத்தையும் காணலாம். ட்ரோன் படத்தைத் தரையோடு பொருத்த உதவும், இடம் அளந்த குறிகளான தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை ஒரே நேர்கோட்டில் வைக்காமல், மேட்டிலும் பள்ளத்திலுமாகப் பரப்பி வைக்க வேண்டும்.

இந்த வரைபடம் மேலாண்மைக்குப் போகும்போது, கட்டுமானத்துக்கான விலகு தூரத்தை (கரையிலிருந்து கட்டடம் தள்ளி நிற்க வேண்டிய தூரத்தை) ஆண்டு வீதத்தோடு காலத்தைப் பெருக்கி மட்டும் முடிவு செய்யாமல், ஒரே புயலில் ஏற்படக்கூடிய பின்வாங்கலையும் பிழை வரம்பையும் அதனோடு கூட்ட வேண்டும். தூண்டில் வளைவு (மணலைத் தடுத்து நிறுத்தக் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்) அமைத்த இடங்களில் அதன் இரு புறங்களையும் ஒரே வரைபடத்தில் காட்டுங்கள். மணல் வந்து சேரும் பக்கத்தை மட்டும் படமாக்கினால், மறுபக்கத்தில் வீட்டு வாசல் வரை கடல் வந்துவிட்டவர்களின் இழப்பு திட்டக் கணக்கில் இடம்பெறாமலே போய்விடும்.