விண்டோஸ் 7 டிஸ்ப்ளே டிரைவர் ஓட்டையை அடைக்கிறது எப்படி?

பில்லிங் கவுண்டர், லேப்னு நிறைய இடத்துல இன்னும் விண்டோஸ் 7 ஓடிட்டுதான் இருக்கு, அதுலயும் பழைய சிடி வச்சு போட்டுட்டு ஒரு அப்டேட் கூட பண்ணாம விட்ட மெஷின்னா கண்டிப்பா இதைப் பாத்துடுங்க. பிரச்சினை இருக்கிறது சிடிடி டாட் டிஎல்எல் (cdd.dll)ங்கிற டிஸ்ப்ளே டிரைவர்ல. 2010 மே மாசம் மைக்ரோசாப்டே எச்சரிக்கை விட்டுச்சு, ஜூலை 13ஆம் தேதி எம்எஸ்10-043ங்கிற பேர்ல அந்த ஓட்டையை அடைக்கிற பேட்ச் வந்துச்சு.

ஏரோ தீம், அதாவது ஜன்னல் ஓரம் கண்ணாடி மாதிரி தெரியுற தீம், ஆன்ல இருக்கும்போது விண்டோஸ் படம் வரையுற ரெண்டு முறையான பழைய ஜிடிஐ வரையறதையும் டைரக்ட்எக்ஸ் வரையறதையும் கலந்து ஸ்கிரீனுக்கு அனுப்புறது இந்த டிரைவர்தான். சாதாரண புரோகிராம்கிட்ட இருந்து வர்ற டேட்டாவை விண்டோஸோட மையப் பகுதியான கெர்னலுக்குள்ள காப்பி பண்ணும்போது இது சரியா செக் பண்ணல, அதனால வேணும்னே கோணலா செஞ்ச ஒரு படத்தை ஜிடிஐ யூஸ் பண்ற வியூவர்ல திறந்தா கெர்னல் மெமரியே கெட்டுப்போகும். பெரும்பாலும் மெஷின் உறைஞ்சு போய் ரீஸ்டார்ட் ஆகும். அட்டாக் பண்றவன் தன்னோட புரோகிராமை ஓட வைக்கிறதும் முடியும், ஆனா மெமரி அட்ரஸ் ரேண்டமா மாறிட்டே இருக்கிறதால அது கஷ்டம்னு மைக்ரோசாப்ட் சொல்லிச்சு. கஷ்டம்தானேன்னு விட்டுடாதீங்க, கெர்னல்ல ஒருத்தன் கை வச்சுட்டா ஆன்டிவைரஸையே அணைச்சுடலாம்.

ஸ்டெப் 1: கம்ப்யூட்டர் ஐகான்ல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் போங்க. சிஸ்டம் டைப் 32 பிட்னா உங்களுக்கு இந்த ஓட்டையே இல்ல. 64 பிட்னா அதே பக்கத்துல மேல சர்வீஸ் பேக் 1னு (நிறைய பேட்சை ஒண்ணா சேர்த்த பெரிய அப்டேட்) எழுதியிருக்கான்னு பாருங்க, இருந்தா இந்த பேட்ச் அதுக்குள்ளயே வந்துருக்கும். இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க, இன்ஸ்டால்டு அப்டேட்ஸ் லிஸ்ட்ல இந்த பேட்சோட நம்பரான கேபி2032276 தேடிட்டு காணோமேன்னு பதறுவாங்க, சர்வீஸ் பேக் இருந்தா அந்த நம்பர் தனியா தெரியாம போகலாம், பயப்பட வேணாம்.

ஸ்டெப் 2: சர்வீஸ் பேக்கும் இல்ல, அந்த நம்பரும் இல்லன்னா உடனே ஏரோவை ஆஃப் பண்ணுங்க. டெஸ்க்டாப்ல ரைட் கிளிக், பர்சனலைஸ், கீழ இறக்கினா பேசிக் அண்ட் ஹை கான்ட்ராஸ்ட் தீம்ஸ்னு இருக்கும், அதுல விண்டோஸ் 7 பேசிக்கை கிளிக் பண்ணுங்க. ஜன்னல் ஓரத்துல இருந்த கண்ணாடி மாதிரி எஃபெக்ட் போய் வெளிர் நீலமா ஆயிடும், அப்படின்னா வேலை முடிஞ்சுது. அட்டாக் வர்ற வழி இப்போ அடைபட்டிருக்கு, ஆனா ஓட்டை அப்படியேதான் இருக்கு, யாராவது மறுபடி ஏரோ தீமுக்கு மாத்திட்டா அந்த வழி திறந்துக்கும்.

ஸ்டெப் 3: முக்கியமான ஃபைலை எல்லாம் பென் டிரைவ்ல எடுத்து வச்சுட்டு ஒரு ரீஸ்டோர் பாயின்ட் (ஏதாவது கெட்டுப்போனா பழைய நிலைக்கு திரும்ப உதவுறது) போடுங்க. அப்புறம் மைக்ரோசாப்ட் அப்டேட் கேட்டலாக் சைட்ல கேபி976932னு தேடி 64 பிட் சர்வீஸ் பேக்கை இறக்குங்க, கிட்டத்தட்ட 900 எம்பி வரும், சி டிரைவ்ல 8 ஜிபியாவது காலியா இருக்கட்டும். தயவுசெஞ்சு கண்ட சைட்ல இருந்து இறக்காதீங்க. லேப்டாப்னா சார்ஜர் சொருகியே இருக்கணும், நடுவுல பவர் போச்சுன்னா பெரிய தலைவலி. தனி பேட்ச் மட்டும் போடுறதை விட இதுதான் நல்லது, ஏன்னா அதுவரைக்கும் வந்த மத்த பேட்சும் சேர்ந்தே வரும்.

ஸ்டெப் 4: ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி பிராப்பர்ட்டீஸ்ல சர்வீஸ் பேக் 1 வந்துடுச்சான்னு பாத்துட்டு வேணும்னா ஏரோவை ஆன் பண்ணிக்கலாம். இதுக்கப்புறமும் ப்ளூ ஸ்கிரீன்ல சிடிடி டாட் டிஎல்எல் பேர் வந்தா அதை அட்டாக்னு முடிவு பண்ணாதீங்க, கிராபிக்ஸ் கார்டு டிரைவர் தகராறா இருக்கவும் வாய்ப்பு அதிகம், கார்டு கம்பெனி சைட்ல இருந்து டிரைவரை புதுசா போட்டுப் பாருங்க.

விண்டோஸ் 7க்கு பொதுவான சப்போர்ட் 2020 ஜனவரி 14ஓட முடிஞ்சுது, அதுக்கப்புறம் கண்டுபிடிச்ச ஓட்டைக்கெல்லாம் இந்த சர்வீஸ் பேக்ல மருந்து கிடையாது. அதனால பில் போட மட்டும்தான் அந்த மெஷின்னா நெட் கேபிளை கழட்டிடுங்க, நெட் இல்லாம வேலை ஆகாதுன்னா மெஷினை மாத்த ஓனர்கிட்ட இப்பவே பேசுங்க.