துக்க வீட்டு வாசலில் மைக்கைச் சமாளிப்பது எப்படி?

ஒரு நடிகரின் படப் பாட்டு வெளியீட்டுக்கு "வாங்க, வாங்க" என்று சேனல்காரர்களைக் கூப்பிடுகிறவன் நான். அதே நடிகர் வீட்டில் சாவு விழுந்தால் அவர்களை நிறுத்த வேண்டியவனும் நான்தான். இருபது வருஷ பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பாளர்) வேலையில் கற்றதைப் புதுத் தம்பிகளுக்காக எழுதுகிறேன்.

முதல் போன் பந்தல்காரருக்கு. தெருப் பக்கம் முழுக்கப் படுதா கட்டச் சொல்லுங்கள். ஃப்ரீசர் பெட்டி வாசலுக்கு நேராக வேண்டாம். உடலை எந்தத் திசையில் வைப்பது என்று பார்க்கும் பெரியவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

கேட்டைப் பூட்டாதீர்கள். ஒருமுறை பூட்டினேன். பத்து நிமிஷத்தில் எதிர்வீட்டு மாடியில் நாலு கேமரா. இப்போதெல்லாம் நான் முதலில் போய்ப் பேசுவது எதிர்வீட்டில்தான். எதிர் நடைபாதையில் கயிறு கட்டி, நிழலும் தண்ணீர் கேனும் வையுங்கள். குடும்பத்தில் ஒரே ஒருவர், நேரம் சொல்லி, ரெண்டு நிமிஷம் பைட், அதாவது மைக் முன்னால் சின்னப் பேச்சு. அது கிடைத்தால் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். பாவம், அவர்களுக்கும் ஆபீஸிலிருந்து போன் வந்தபடி இருக்கும்.

இறப்புக் காரணத்தை டாக்டர் சொல்லும்வரை நீங்கள் சொல்லாதீர்கள். 2018 பிப்ரவரியில் ஸ்ரீதேவி துபாயில் இறந்தபோது முதலில் மாரடைப்பு என்றார்கள். பிறகு தவறி நீரில் மூழ்கியதாக அறிவிப்பு வந்தது. டிவியில் ஒருவர் குளியல் தொட்டிக்குள்ளேயே இறங்கிக் காட்டினார்.

பிள்ளைகள் வரும் காரை அடுத்த தெருவில் நிறுத்திப் பின்வாசல் வழியாக அழைத்து வாருங்கள். காரிலிருந்து இறங்கிய பன்னிரண்டு வயசுப் பெண்ணிடம் "அப்பா கடைசியா என்ன பேசினாரும்மா?" என்று ஒரு மைக் நீண்டதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தடுக்கவில்லை. அந்தச் சேனலோடு அடுத்த வாரம் எனக்கு வேலை இருந்தது.

வீடியோ வந்துவிட்டால் பிரஸ் கவுன்சிலுக்கு ஓடாதீர்கள். அதன் எல்லை பத்திரிகைகளும் செய்தி நிறுவனங்களும்தான். யூடியூபில் தனியுரிமைப் புகாரைப் பாதிக்கப்பட்டவரோ அவர் வக்கீலோ கொடுக்கட்டும், எந்த நிமிஷத்தில் முகம் வருகிறது என்பதோடு. போட்டவருக்கு 48 மணி நேரம் அவகாசம் கிடைக்கலாம். அதற்குள் அந்த வீடியோவை வெட்டி எடுத்துத் தங்கள் பக்கத்தில் போடும் சேனல்களின் லிங்க்கையும் சேர்த்து வையுங்கள். நோட்டீஸ் அனுப்பினால் 1994 ஆட்டோ சங்கர் தீர்ப்பைக் (கொலைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையைப் பத்திரிகை வெளியிடுவது பற்றிய வழக்கு) குறிப்பிடச் சொல்லுங்கள். குடும்பம், திருமணம், பிள்ளைகள் பற்றி அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். பொது ஆவணத்தில் இருப்பது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

பதினாறாம் நாளுக்கும் வருவார்கள். தேதியை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்.